மெத்தையின் அகலம்

பன்யுவாங்கி
துல்கஃதா பிறை ஐந்து, திங்கள்

அன்பு மகள் வினார்த்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் பாலிக்பாப்பானில் நீ நலமா என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவனிடம் கேட்டுக்கொள்கிறேன். பதில் உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

நீ பணம் அனுப்பி வாங்கச் சொன்ன மெத்தை போன சனிக்கிழமை வந்து இறங்கியது. அப்போது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, எதிர்வீட்டு மிஸ்னா அத்தை, வண்டி ஓட்டி வந்தவர், அவரோடு சுமக்க வந்தவர். ஆக ஐந்து பேர். இதை ஏன் இவ்வளவு சரியாக எழுதுகிறேன் என்றால், பிற்பாடு கடையில் என் பேச்சை நம்பாமல் யார் பார்த்தது என்று கேட்டார்கள். அதோடு, மிஸ்னா அத்தை இருந்தாள் என்றால் தெருவே இருந்த மாதிரிதான். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தை என்று சொன்னேனே தவிர, வந்தது வாழைத்தண்டு மாதிரி சுருட்டிய ஒரு பிளாஸ்டிக் உருளை. இரண்டு ஆள் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்னறைக் கட்டிலில் வைத்து பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் புஸ் என்று ஒரு சத்தம். பிறகு அது தானாக ஊத ஆரம்பித்தது. "அண்ணி, மெத்த வாங்கப் போயிட்டு புளிச்ச மாவ வாங்கிட்டு வந்திருக்கீங்களே, நிக்காம பொங்குது" என்றாள் அத்தை. அறை முழுக்க ஒரு வாடை. மண்ணெண்ணெய் மாதிரியும் இருந்தது, புதுச் செருப்பு மாதிரியும் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இன்றைக்கும் போகவில்லை.

படுத்த உடம்பை அந்த மெத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கடையில் இருந்த பெண் அப்படிச் சொல்லித்தான் விற்றாள். அதை வண்டிக்காரரும் சொன்னார். உன் அப்பா ஒரு தடவை படுத்து எழுந்து, "என் உடம்ப ஞாபகம் வச்சுக்க இது என்ன எனக்கு வாக்கப்பட்டதா?" என்றார். அவர் எழுந்து வெகுநேரம் கழித்தும் அவருடைய இடுப்பு அங்கே கிடந்தது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதன் நடுவில் வைத்தேன். அசர் நேரத்தில் எடுத்தேன். மஃரிப் வரை பார்த்தேன், பள்ளம் எழவில்லை. விரலை வைத்து அளந்தேன். இரண்டரை விரல்.

இன்று காலையில் கடைக்குப் போய்ச் சொன்னோம். மூன்று விரல் ஆழம் இருந்தால்தான் பழுது என்று எடுத்துக்கொள்வார்களாம், இரண்டரை என்றால் அது மெத்தையின் குணமாம். "அரிசி மூட்ட வச்சா பள்ளம் விழாதாம்மா? மெத்தையில மனுஷங்க படுக்கணும்" என்றார் மேலாளர். என் வீட்டுக்காரர் மூன்று மூட்டைக் கனம் என்றேன். அப்பா சிரிக்கவில்லை. பத்து வருட கியாரண்டி என்றீர்களே, அது எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஸ்பிரிங்குக்கும்மா" என்றாள். இதில் ஸ்பிரிங்கே இல்லையே என்றேன். "அதான் கெட்டுப்போக வழியே இல்லம்மா" என்றாள். பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். அதைப் பின்னறையில் போட்டுவிட்டேன். உன் பணத்தை வீணாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அதற்கு முன்பு மூன்று கடை ஏறி இறங்கியதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அவசரப்பட்டாள் என்று நினைப்பாய். முதல் கடையில் எல்லாம் ஸ்பிரிங். ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலை முனகுகிறது. இரண்டாம் கடையில் இலவம்பஞ்சு மெத்தை என்று போட்டிருந்தான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஓரத்தில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது, சுண்டு விரலை நுழைத்துக் கிள்ளிப் பார்த்தேன். இலவம்பஞ்சு மேலே ஒரு படலம் மட்டும்தான். உள்ளே கந்தல் துணியும் நறுக்கிய ஃபோமும். ஒரு பச்சைச் சட்டையின் பொத்தான் கூட வந்தது. கடைக்காரனிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவதில்தான் இந்த ஞாபகக்காரனை வாங்கினேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருப்பது உனக்குத் தெரியும். வீட்டுச் செலவு நோட்டு இல்லை, மெத்தை நோட்டு. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே உன் அப்பா வாங்கி வரும் பொருட்களின் காகிதங்களைப் பார்த்துத்தான், அப்போது எழுதிப் பழக முதலில் கையில் கிடைத்தது அந்த நோட்டு. என் கல்யாண மெத்தை: இருபத்தாறு கிலோ பஞ்சு, நம் வாய்க்கால் ஓரத்து இரண்டு மரத்திலிருந்து. மேலும் கீழும் கறுப்புத் துணி, சுற்றிலும் சிவப்பு. முப்பத்தெட்டு வருடமாகிறது. மூன்று தடவை பிரித்து, பஞ்சைக் காயவைத்து மறுபடி அடைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஹஜ்ஜு மாதமும் முதல் வியாழக்கிழமை ஊரோடு சேர்ந்து வெயிலில் போட்டிருக்கிறோம், ஒரு வருடம் மட்டும் மழையினால் திங்கட்கிழமை. எல்லாம் எழுதியிருக்கிறது. நீ பிறந்ததும் அந்த மெத்தையில்தான். அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

மெத்தை காயும் நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நீ காணாமல் போன கதைதான். அப்போது உனக்கு ஆறு வயது. காலையிலிருந்து தெரு நீளத்துக்கும் கறுப்பு சிவப்பு. எல்லோரும் பிரம்பால் அடித்து, பூத்தண்ணீர் தெளித்து, அவரவர் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் பிள்ளைகள் ஒரு மெத்தையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தீர்கள். சூரியன் உச்சியிலிருந்து சாய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அடித்து விரட்டிய நோய் எல்லாம் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். அந்த அவசரத்தில் உன்னைப் பார்க்கவில்லை. நம் மெத்தை என்று நினைத்து நீ மிஸ்னா அத்தையின் மெத்தையில் தூங்கிவிட்டாய். எல்லாம் ஒரே மாதிரிதானே. அத்தையும் மாமாவும் "மகாராணி பல்லக்கு" என்று சிரித்துக்கொண்டே உன்னோடு சேர்த்துத் தூக்கிப்போய், அவர்கள் அறையில் போட்டு, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மாமா என்னிடம் சொல்லியிருப்பார் என்று அத்தை நினைத்தாள், அத்தை சொல்லியிருப்பாள் என்று மாமா நினைத்தார். நான் தெரு முழுக்க உன் பெயரைக் கூப்பிட்டேன். அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அசர் பாங்கு சொல்லும்போது நீ எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "யாரு நம்ம வீட்ட மாத்தி வச்சது?" என்று அழுதாய்.

அன்றைக்குப் பிறகுதான் நம் மெத்தையின் ஒரு மூலையில் வெள்ளை நூலால் ஒரு நட்சத்திரம் போட்டேன். உன் கல்யாண மெத்தையிலும் போட்டேன்.

சூடான மெத்தையை உள்ளே போட்டதும் நீயும் நானும் அதில் குப்புறப் படுத்துக்கொள்வோம், நினைவிருக்கிறதா? வெயில் மணக்கும். நீ மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, "அம்மா, வெயிலுக்கு உப்பு போட்டாங்களா?" என்று கேட்பாய். அந்த மணம் வேறு எந்த மெத்தைக்கும் வராது. எனக்குக் கடைகளில் குறையாகத் தெரிந்ததும் அதுதான் போலிருக்கிறது. பாவம், கடைக்காரர்கள் அதை எங்கிருந்து கொண்டு வருவார்கள்.

செவ்வாய்

நேற்று இருட்டிவிட்டதால் நிறுத்தினேன். உண்மையில் இருட்டியதால் மட்டும் இல்லை. இதற்கு மேல் எழுத வேண்டியது கஷ்டமான விஷயம்.

உன் கல்யாண மெத்தை பரணில் இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது அங்கே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, நீங்கள் இருவரும் நோன்புப் பெருநாளுக்கு வருவதற்கு முன்னால், பழசைக் கொடுத்தால் புதுசு என்று வந்த ஒரு கடை வண்டியில் அதை ஏற்றிவிட்டு அந்த ஸ்பிரிங் மெத்தையை வாங்கினேன். அதற்கு முந்தைய தடவை மாப்பிள்ளை என்னிடம், "அத்தை, கருங்கல்லு மேல படுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு உறுத்தியது. மெத்தைதான் குறை, நல்ல மெத்தை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்கவில்லை. அப்பாவையும் கேட்கவில்லை. இருபத்தெட்டு கிலோ பஞ்சு அது. முதல் பிடியை பிஸ்மில்லாஹ் சொல்லி நான் போட்டது, கடைசிப் பிடியை நீ போட்டது. மீதியான பஞ்சில் ஒரு தொட்டில் மெத்தை தைத்ததும், ஆறு வருடம் வைத்திருந்து அதை மிஸ்னா அத்தையின் பேரனுக்குக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். பெரியதை நான் கொடுத்தது மட்டும் உனக்குத் தெரியாது.

போன வருடம் மெத்தை காயும் நாளில் நம் வாசலில் என்னுடையது ஒன்றுதான். உன்னுடைய இடத்தில் அந்த ஸ்பிரிங் மெத்தையை இழுத்துப் போட்டேன். ரோஜாப் பூப்போட்ட பளபளத் துணி. தெரு முழுக்கக் கறுப்பு, நடுவில் அது, சாவு வீட்டுக்கு மினுக்கிக்கொண்டு வந்தவள் மாதிரி. அதற்குள் அதன் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஆகியிருந்தது, பூத்தண்ணீர் தெளித்ததில் நிஜமாகவே தேங்கியது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, மக மெத்தைய எலி தின்னுடுச்சா, இல்ல மருமகன் மெத்தையும் வேணாம்னு சொல்லிட்டாரா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பிரம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டேன். ஸ்பிரிங் மெத்தையை அடித்தால் பிரம்பு திரும்பி வந்து அடிக்கிறது.

போன வாரம், பழசை எடுத்துப்போன அந்தக் கடையின் கிடங்கைத் தேடிப் போனேன். வெள்ளை நட்சத்திரம் போட்ட மெத்தை என்று சொன்னேன். பஞ்சு தலையணைகளுக்குப் போய்விட்டதாம், துணியை எரித்துவிட்டார்களாம். யார் யாரோ தலை வைத்துத் தூங்குகிறார்கள். தூங்கட்டும்.

வின், இன்னொன்றும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படாதே.

இலவம்பஞ்சு மெத்தை வீட்டுக்காரிக்குச் சொல்லும். காலையில் விரிப்பை எடுத்தால் யார் எங்கே படுத்தார்கள், புரண்டார்களா, தூங்கினார்களா என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்த ஸ்பிரிங் மெத்தை அப்போது புதிது. எழுந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி மட்டமாக நிமிர்ந்துகொண்டது. அதனால் நீங்கள் வந்து தங்கிய பத்து நாளில் நான்கு நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் நீங்கள் படுத்த முன்னறையைப் பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னால் இருந்த பாயைப் பார்த்தேன். நான் சுருட்டினால் கரை உள்ளே போகும். அன்று கரை வெளியே இருந்தது. மாப்பிள்ளைக்கு முதுகு வலி, தரையில் படுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாயை உதறினேன். உன் கொண்டை ஊசி விழுந்தது.

அதை எடுத்து என் தையல் பெட்டியில் போட்டேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று உனக்குப் பிடித்த தேங்காய்க் கோழி செய்தேன், நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், அதோடு விட்டுவிட்டேன். ஊசி இன்னும் பெட்டியில் இருக்கிறது. மூன்று வருடமாக நூல் எடுக்கும்போதெல்லாம் விரலில் படுகிறது.

போன வாரம் நீ தொலைபேசியில், "அம்மா, பெருநாளுக்கு வர்றேன். முதுகு ரொம்ப வலிக்குதும்மா, முன்னறைக்கு ஒரு நல்ல மெத்தையா வாங்கிப் போடுங்க" என்றாய். எத்தனை நாளுக்கு, யார் யார் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கோழி விலை ஏறியதைச் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தாலும் நீ "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கடிதம்.

இன்று காலையில் நானும் அப்பாவும் மெத்தை தைக்கும் ஜம்ஹாரியிடம் போனோம். இனிக் கடை மெத்தை வேண்டாம், உனக்குப் புதிதாகவே ஒன்று தைத்துவிடலாம் என்று நேற்றே முடிவு செய்துவிட்டோம். கறுப்பு சிவப்பு ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்குத்தான் தைப்பது. இரண்டாவது தைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நான் தயங்கினேன். அப்பா, "பேசறவங்க முதுகா வலிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

ஜம்ஹாரிக்கு இப்போது தலைக்கு மேல் வேலை, நம் தெருவிலேயே இந்த வருடம் நான்கு கல்யாணம். ஊசியை நிறுத்தாமலே, "அகலம் சொல்லுங்கக்கா. வழக்கமான அகலம்தானே, ரெண்டு பேருக்கு?" என்றான். நான் மேசையில் இருந்த நூல்கண்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினேழு.

அப்போது அப்பா கேட்டார், "ஒருத்தர் படுக்கற அகலத்துல தைப்பியா?"

ஜம்ஹாரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அப்படி யாரும் கேட்டதில்லையே அண்ணே. கல்யாண மெத்தையாச்சே இது. ஒத்தை ஆளுக்குன்னா பூப்போட்ட துணி இருக்கு, அதுல தைச்சுத் தரட்டா?"

"பூவெல்லாம் வேணாம். இதே கறுப்பு, இதே சிவப்பு. கேட்டா தைப்பியா, மாட்டியா?"

"துணி உங்களுது, பஞ்சு உங்களுது. தைக்கறதுக்கு எனக்கு என்ன" என்றான் அவன். பிறகு, "சிவப்ப எவ்வளவு அகலம் வைக்கறது?" என்று கேட்டான். "ஒரு விரல் கூடவே வை" என்றார் அப்பா. துணியை மட்டும் இப்போதைக்கு வெட்ட வேண்டாம், அகலத்தைச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பாயைப் பற்றி நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அவருக்கும் தெரியும் என்பது அந்தக் கடையில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் கோணிகளை எடுத்து உதறிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார். நம் மரத்துக் காய்கள் இந்த வருடம் நன்றாக வெடித்திருக்கின்றன. இதை எழுதும்போது கொல்லையில் விதை நீக்கிக்கொண்டிருக்கிறார். மூக்கில் துணி கட்டச் சொன்னால் கேட்பதில்லை. தலையெல்லாம் பஞ்சு. தும்மல் சத்தம் இங்கே கேட்கிறது.

இரண்டு பேருக்கு என்றால் இருபத்தெட்டு கிலோ வேண்டும். ஒருவருக்கு என்றால் பதினைந்து போதும். இரண்டுக்கும் பஞ்சு இருக்கிறது, துணியும் வாங்கிவிட்டேன். தைக்க ஐந்து நாள், காய மூன்று நாள். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர ஒரு வாரம், உன் பதில் வர ஒரு வாரம். கணக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்து வரும் ஹஜ்ஜு மாதத்தின் முதல் வியாழக்கிழமை எல்லோருடைய மெத்தையும் வெளியே வரும்போது உன்னுடையதும் வர வேண்டும்.

நம் தெருவில் இதுவரை யாரும் ஒருவர் அகலத்தில் கறுப்பு சிவப்பு காயப்போட்டதில்லை. போட வேண்டி வந்தால் நான் கொல்லைப்புறத்தில் போட மாட்டேன். வாசலில், என் மெத்தைக்குப் பக்கத்தில் போடுவேன். பூத்தண்ணீரும் தெளிப்பேன். மிஸ்னா அத்தை கேட்டால் என் மகள் மெத்தை என்று சொல்வேன். அவளும் கெட்டவள் இல்லை, இரண்டு நாள் பேசிவிட்டு மூன்றாம் நாள் உனக்குக் குழம்பு கொண்டு வருவாள். வெள்ளை நட்சத்திரத்தை மட்டும் நீ வந்து போடு. எனக்கு இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்கக் கண் சரியாகத் தெரிவதில்லை.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். சொல்ல முடியாத நிலைமை என்றால் சொல்ல வேண்டாம்.

கப்பலில் வருவதாக இருந்தால் கனமான எதையும் தூக்காதே. முதுகுக்கு நல்லெண்ணெயில் பூண்டு போட்டுச் சூடாக்கித் தடவு. நீ எந்த வழியில் வந்தாலும், எவ்வளவு நாள் இருந்தாலும், அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கி, உன் தூக்கத்தை உனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். ஆமீன்.

காரணம் எதுவும் எழுத வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். அகலத்தை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பு. ஜம்ஹாரி துணியை வெட்டாமல் வைத்திருக்கிறான், சீக்கிரம் எழுது.

உன் அம்மா,
முஸ்ரியா